தயாபரன் இண்டைக்கு வரேல்லை

அரிசோனா
10.01.1999

அக்காவுக்கு,

நான் சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டது உங்களோட, அம்மாவோட இல்லை. ஆனபடியா இந்த ஒரு வரியை மட்டும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ: நான் சுகம், சமைச்சுச் சாப்பிடுறன், குளிருக்கு உடுப்பு போதும். மிச்சம் உங்களுக்கு.

நான் இருக்கிற ட்ரெய்லரில போன் இல்லை. இருந்தாலும் நீங்கள் பாதியில அடிச்சு வைப்பியள். அதுதான் கடிதம்.

பள்ளிக்கூடம் நவஹோ எண்ட பூர்வகுடி ஆக்களின்ரது, அவையளேதான் நடத்துகினம். சுத்திவரச் சிவப்பு மண். ஆகக் கிட்டின கடைக்கு நாற்பது நிமிசம் கார் ஓட வேணும். நாளைக்குப் புதுச் செமஸ்ரர் தொடங்குது. மிசிசாகாவில எங்கட கொம்பனி என்னை ரெண்டு வேலைக்கு அனுப்பினது. ஒண்டு, கொம்பியூட்டர் லாப் ஒண்டை வயர் இழுத்துப் பூட்டிக் குடுக்கிறது. மற்றது, பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையளின்ர வீட்டுக்குத் தானாகப் போன் எடுக்கிற மெசின். பதினொண்டு பத்துக்கு எடுக்கும். "இன்னார் இண்டைக்கு வகுப்புக்கு வரேல்லை" எண்டு இங்கிலிசில சொல்லிப்போட்டு வைக்கும். அந்த ஒரு வசனம்தான் அதுக்குத் தெரியும். வந்த பிள்ளையளைப் பற்றி அதுக்குச் சொல்ல ஒண்டுமில்லை.

உதை இஞ்சை வித்தவன் பெரிய கெட்டிக்காரன். இருநூற்றிப் பன்னிரண்டு பிள்ளையள், போன் இருக்கிறது அறுபது வீட்டில. ஒஃபிசில வேலை செய்யிற மிசிஸ் யாஸி சொல்லுறா, "உம்மட மெசினுக்கு வசதியான ஆக்களைத்தான் பிடிக்கும் போல" எண்டு. என்னை 'மெசின்' எண்டுதான் கூப்பிடுறா. முப்பத்தைஞ்சு வயசு இருக்கும், பிக்கப் ட்ரக் ஓடுறா, எல்லாத்துக்கும் சிரிப்பு.

ஒரு விசயத்துக்கு மட்டும் சிரிக்கேல்லை. பிள்ளையளின்ர பேரை அவதான் மைக்கில வாசிச்சுப் பதிஞ்சவ. நூற்றிப்பதினேழாம் இலக்கம் வந்த உடனே நிப்பாட்டிப்போட்டா. அந்தப் பிள்ளை மார்கழியில செத்துப்போச்சுதாம். செத்த ஆளின்ர பேரை அவையள் சொல்லுறேல்லையாம். "அதை எடுத்து விடும்" எண்டா. எடுத்தால் இலக்கமெல்லாம் மாறும், நான் திரும்ப முதலிலயிருந்து தொடங்க வேணும். பேரை மட்டும் அழிச்சிட்டு இலக்கத்தை வைச்சிருக்கிறன். அவவுக்குச் சொல்லேல்லை.

எங்கட விசயத்தில நான் சொன்னது சொன்னதுதான். ஊரில எங்கட தயா அண்ணை காணாமல்போய் எட்டரை வருசம். ஆமி பிடிச்சதோ, ஆர் பிடிச்சதோ, திரும்பி வரப்போறேல்லை. ஐயரிட்டை ஒரு நாள் கேட்டு, செத்த ஆளுக்குச் செய்யிற அந்தியேட்டியைச் செய்து முடிப்பம். அம்மா தாங்கமாட்டா எண்டு சொல்லிச் சொல்லி, தாங்காமல் இருக்கிறது நீங்கள்தான்.

வாகீசன்

*

ஸ்காபரோ
22.01.1999

தம்பி வாகீசன்,

உன்ர கடிதம் கிடைச்சது. அந்தக் கடைசி வரிக்கு நான் பதில் எழுதப்போறேல்லை. உனக்கு நாக்கு எப்பவும் ஸ்குரூட்றைவர்தான்.

நீ போன பிறகு அம்மாவோட நான் தனியக் கதைச்சனான். அந்தியேட்டிக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டா. ஐயர் மாசி மாதம் 28, ஞாயிற்றுக்கிழமை எண்டு நாள் வைச்சுத் தந்தவர். பிள்ளை போன திகதி தெரியாட்டிலும் செய்யலாமாம், தர்ப்பையில உருவம் வைச்சு. தம்பிக்காரன் எண்டபடியா நீதான் இருந்து செய்ய வேணும். ரிக்கற் போடு.

இது நான் போன கிழமை எழுத இருந்த கடிதம். இப்ப நிலைமை வேறை.

இஞ்சை கொட்டின பனி உனக்கு ரீவியில காட்டியிருப்பாங்கள். பஸ் இல்லை, அஜக்ஸில பக்ரறிக்கும் நான் ரெண்டு நாள் போகேல்லை. பனி அள்ள ஆமியைக் கூப்பிட்டவங்கள். எங்கட பில்டிங்குக்கு முன்னால பச்சை ட்ரக் ஒண்டு வந்து நிண்டது. சின்னப் பெடியள், கையில சவள். அம்மா யன்னலால பாத்திட்டுத் திரையை இழுத்து மூடினா. பேந்து சுவரில இருந்த தயான்ர படத்தைக் கழட்டி அரிசி வாளிக்குள்ள தாட்டுப்போட்டா. நான் வாளியை மூடி வைச்சன். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய்.

அந்தக் கிழமைதான் போன் தொடங்கினது. மத்தியானம் ஒண்டு பத்துக்கு. நான் வேலையில நிக்கிற நேரம். தயா கதைச்சவன் எண்டு அம்மா சொன்னா. அவன் தன்ர பேரைத் தானே சொன்னவனாம், மற்றது எல்லாம் இங்கிலிசாம். நான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு யோசிச்சன். அடுத்த நாள் அம்மா பக்கத்து வீட்டு யோகராணி அன்ரியைக் கூப்பிட்டு ரிசீவரைக் குடுத்திருக்கிறா. அன்ரியும் கேட்டவ. "தயாபரன் இண்டைக்கு வகுப்புக்கு வரேல்லை" எண்டதாம். அன்ரி என்னட்டைச் சொல்லிப்போட்டு, இருக்காமல் வீட்டை போயிட்டா.

அம்மாவுக்குப் பயம் இல்லை. "இண்டைக்கு வரேல்லை எண்டால் நேற்று வந்தவன்தானே" எண்டா. ஆமி நிண்ட கிழமை, போனில அந்தக் குரலுக்குச் சொன்னவவாம், "வெளியில ஆமி நிக்குது ராசா, வராதை" எண்டு.

நேற்றும் இண்டைக்கும் போன் வரேல்லை. அதுக்கும் அவவுக்குச் சந்தோசம். "பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டான்" எண்டு பாயாசம் வைச்சவ.

ஆரடா உப்பிடி எங்களோட விளையாடுறது? உனக்கு உந்தச் சாமான்கள் தெரியும். கெதியா எழுது. வீட்டுப் போனில இதைக் கதைக்கேலாது. அவ அதுக்குப் பக்கத்திலயே இருக்கிறா.

வதனா அக்கா

*

அரிசோனா
02.02.1999

அக்கா,

விளையாடினது ஆரும் இல்லை. நான்தான்.

மெசினைப் பூட்டினால் ஒரு பொய்ப் பேரும் உண்மையான போன் நம்பரும் குடுத்து ஓடவிட்டுப் பாக்க வேணும். புது இலக்கம் திறந்தால் வகுப்பெல்லாம் கையால அடிக்க வேணும். நூற்றிப்பதினேழுக்கு ஏற்கெனவே எல்லாம் அடிச்சுக் கிடந்தது. அஞ்சு நிமிசம் மிச்சம் எண்டு அதுக்குள்ள தயா அண்ணையின்ர பேரையும் எங்கட வீட்டு நம்பரையும் போட்டன். இஞ்சை பதினொண்டு பத்து எண்டால் உங்களுக்கு ஒண்டு பத்து, அந்த நேரம் வீட்டில ஒருத்தரும் இருக்கமாட்டினம் எண்டு நினைச்சன். அம்மா குளிருக்கு வெளியில போறேல்லை எண்டது மறந்துபோச்சு. மிசிஸ் யாஸியிட்டை இன்னொரு பேரை வாசிக்கச் சொல்லக் கூச்சமா இருந்தது. நானே மைக்கில சொன்னன். அம்மா கேட்டது என்ர குரல்.

வகுப்புப் பட்டியலிலும் அந்தப் பேர் அடிச்சு வந்திட்டுது. வாத்திமார் ஆரோ புதுப் பெடியன் எண்டு நினைச்சு, வரேல்லை எண்டு வட்டத்தைப் பென்சிலால கறுப்பாக்கியிருக்கினம். கறுப்பாக்கினால் மெசின் எடுக்கும். சும்மா விட்டால் வந்ததெண்டு நினைக்கும். 21ஆம் திகதியிலயிருந்து போன் ஏன் வரேல்லை எண்டால், அது எந்தப் பிள்ளையின்ர இலக்கம் எண்டு மிசிஸ் யாஸி கண்டுபிடிச்சு வாத்திமாருக்குச் சொல்லிப்போட்டா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்த வரியில பென்சில் வைக்கேல்லை. தொடவேமாட்டினமாம். மெசின் அவனை எல்லா வகுப்பிலயும் வந்ததாப் பதிஞ்சு வைச்சிருக்கு.

நேற்று, முதலாம் திகதி, எல்லாத்தையும் அழிச்சிட்டன். பேர், நம்பர், குரல். இனி வராது. அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ.

நான் சொல்லுவம் எண்டு பள்ளிக்கூடத்து வாசல் போனில எடுத்தனான். அம்மாதான் தூக்கினா. "அம்மா" எண்டன். "தயாவோ?" எண்டா. நான் வைச்சிட்டன். மன்னியுங்கோ.

இன்னொண்டும் இருக்கு, கேட்காமலே சொல்லுறன். ஏன் அவன்ர பேர் எண்டு யோசிப்பியள். நான் இதுவரைக்கும் பூட்டின எல்லா மெசினிலும் டெஸ்ட்டுக்கு அவன்ர பேரைத்தான் போடுறனான். அஜக்ஸில ஒரு வெயர்ஹவுஸ், மிசிசாகாவில ரெண்டு ஒஃபிஸ். கொலிஜில முதல் செய்த புரோகிராமிலயும் அதுதான். கை தானா அடிக்கும். வேறை பேர் வாறேல்லை.

வாகீசன்

*

ஸ்காபரோ
11.02.1999

வாகீசன்,

உன்ர கடிதம் நேற்று வந்தது. வாசிச்சிட்டு பாத்ரூமுக்குள்ள போய் இருந்தன்.

அஞ்சு நிமிசத்தை மிச்சம் பிடிக்க ஒரு செத்த பிள்ளையின்ர இடத்தில எங்கட பிள்ளையை இருத்தினாய். நான்தான் அவனைப் போகவிடாமல் வைச்சிருக்கிறன் எண்டு எனக்குச் சொன்னவன் நீ. சரி, விடு.

அம்மாவுக்குச் சொன்னன். மெசின் எண்டன், உன்ர குரல் எண்டன், வடிவா விளங்கப்படுத்தினன். முழுக்கக் கேட்டா. "மெசினுக்கு அவன்ர பேர் எப்பிடித் தெரியும்? ஆரோ சொல்லிக் குடுத்துத்தானே" எண்டா. பேந்து, "28ஆம் திகதி ஐயரை வரவேண்டாம் எண்டு சொல்லு. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ" எண்டா. எட்டரை வருசத்துக்குப் பிறகு கிடைச்ச ஓம், போச்சு.

இப்ப நான் எழுதப்போறதை நீ சிரிக்காமல் வாசிக்க வேணும்.

முதலாம் திகதி அழிச்சிட்டன் எண்டு எழுதினாய். இந்தத் திங்கள் எட்டாம் திகதி போன் திரும்பத் தொடங்கினது. செவ்வாயும் வந்தது எண்டு அம்மா சொன்னா. புதன் நான் வேலைக்கு லீவு போட்டிட்டு வீட்டில நிண்டன். ஒண்டு பத்துக்கு அடிச்சது. அம்மாவுக்கு முதல் நான் தூக்கினன்.

அதே இங்கிலிஸ் வசனம். நடுவில பேர். வாகீசன், அது உன்ர குரல் இல்லை. நீ 'தயாபரன்' எண்டு ஒருநாளும் முழுசாச் சொன்னதில்லை, அவசரத்தில நடு எழுத்தை விழுங்கிப்போடுவாய். உது ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுது. பள்ளிக்கூடத்தில ரீச்சர் எழுப்பிப் பேர் கேட்டால் சொல்லுவம் எல்லே, அப்பிடி. பின்னால பிள்ளையள் கனபேர் இருக்கிற சத்தம், ஆனால் ஒருத்தரும் கதைக்கிற மாதிரி இல்லை.

அம்மா என்ர முகத்தைப் பாத்திட்டு, "கேட்டனியே" எண்டா. அவ்வளவுதான்.

நீ அழிச்சது உண்மையோ? உண்மையெண்டால் எப்பிடி வருது?

அக்கா

*

அரிசோனா
19.02.1999

அக்கா,

உண்மை. உங்கட கடிதம் வந்த அண்டைக்கே திரும்ப எல்லாம் பாத்தன்.

மெசின் எடுக்கிற ஒவ்வொரு போன் கோலும் பேப்பரில அடிச்சு விழும். தை 20க்குப் பிறகு எங்கட நம்பருக்கு ஒண்டும் போகேல்லை. நூற்றிப்பதினேழில எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. மிசிசாகா ஒஃபிசில இதேமாதிரி ஒரு மெசின் இருக்கு. நான் முந்தி ஒரு டிஸ்கெற்றில கொப்பி அனுப்பினனான், அதைப் போட்டு ஓடவிட்டிட்டாங்களோ எண்டு எடுத்துக் கேட்டன். அங்கை வேலை செய்யிற எட்வேட் சொல்லுறான், டிஸ்கெற் வந்த கவர் இன்னும் பிரிக்கேல்லையாம், மெசின் கிறிஸ்மசிலயிருந்து பெட்டிக்குள்ளயாம். பெல் போன் கொம்பனியிட்டைக் கேட்டால் எங்கையிருந்து வந்ததெண்டு சொல்லுவாங்கள். நீங்கள் கேளுங்கோ. கேட்க விருப்பமில்லாட்டில் விடுங்கோ.

எனக்கு விளங்காத சாமான் எண்டு ஒண்டு இருக்கிறேல்லை, விளங்கும் வரைக்கும் கழட்டுவன். இது கழட்ட ஒண்டும் இல்லாமல் இருக்கு.

மிசிஸ் யாஸியிட்டை எல்லாம் சொன்னன். வெக்கமாத்தான் இருந்தது. நாலு கிழமையா என்னோட முகங்குடுத்துக் கதைக்காத மனிசி. பெரிய கதையொண்டும் சொல்லேல்லை. "நான் எடுத்து விடும் எண்டு சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கிறா. அவவின்ர வீட்டிலயும் போன் இருக்கு" எண்டா. கொஞ்சம் கழிச்சு, "எங்கட ஆக்கள் பேரைச் சொல்லாமல் விடுறது, கூப்பிட்டால் நிண்டுடுவினம் எண்டு. நீர் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டிருக்கிறீர், அதுவும் மெசினை வைச்சு" எண்டா. வழமையா எண்டால் அந்த இடத்தில சிரிப்பா. இந்தமுறை சிரிக்கேல்லை.

நான் ஒவ்வொரு நாளும் எண்டு நினைக்கேல்லை அக்கா. எண்ணிப் பாத்தன். அஞ்சு வருசமா அஞ்சு இடத்தில.

ஐயரை மறிக்கவேண்டாம். 26 பின்னேரம் வாறன். அம்மாவோட நான் கதைக்கிறன். ஒத்துக்கொள்ளாட்டில் சும்மா சாப்பிட்டிட்டுத் திரும்பி வருவன். மெசினின்ர போன் வயரையும் கரண்ட் வயரையும் கழட்டி என்ர பையுக்குள்ள போட்டுக்கொண்டு வாறன். அது இல்லாமல் எடுக்கேலாது. 28ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடமும் இல்லை.

வாகீசன்

*

அரிசோனா
08.03.1999

அக்கா,

திரும்பி வந்து ஒரு கிழமை. அங்கை நிண்ட மூண்டு நாளும் நாங்கள் ரெண்டு பேரும் இதைப் பற்றிக் கதைக்கேல்லை. எயார்போட்டில கேட்பம் எண்டு நினைச்சன், நீங்கள் பார்க்கிங்கைப் பற்றியே கதைச்சுக்கொண்டு வந்தியள். அதுதான் எழுதுறன்.

சனிக்கிழமை நான் அம்மாவுக்குச் சொல்லேக்க நீங்கள் குசினியில நிண்டனீங்கள். கேட்டிருப்பியள். "அவன்ர பேரை நான்தான் அம்மா குடுத்தனான், அவன் குடுக்கேல்லை" எண்டன். வெயர்ஹவுஸ், ஒஃபிஸ், கொலிஜ், எல்லாம் சொன்னன். அம்மா ஏசுவா எண்டு பாத்தன். என்ர கையைத் திருப்பி விரலைப் பாத்தா. "இவ்வளவு காலமும் நீயும் தேடிக்கொண்டுதான் இருந்தனியோ" எண்டா. பேந்துதான், "சரி, செய்" எண்டவ. முதல் கடிதத்தில உங்களைப் பற்றி எழுதினதை வாபஸ் வாங்குறன். தாங்காமல் இருந்தது நான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஐயர் அலுமினியத் தட்டில நெருப்பு மூட்டுறதுக்கு முதல் நான் கதிரையில ஏறி ஸ்மோக் அலாமின்ர பற்றறியைக் கழட்டினன். தர்ப்பையை உருவமா முடிஞ்சு வைச்சவர். பவித்திரம் என்ர விரலில. பேரைச் சொல்லச் சொல்லி ஐயர் கேட்டார். நான் முழுசாச் சொன்னன், ஒரு எழுத்தும் விழுங்காமல். அப்பத்தான் போன் அடிச்சது. சுவரில மணிக்கூட்டைப் பாத்தன். ஒண்டு பத்து.

பவித்திரத்தோட எழும்பேலாது. நீங்கள் எழும்பினீங்கள், அம்மா கையைக் காட்டி உங்களை இருத்தினா. தானே போய்த் தூக்கினா. அரை நிமிசம் இருக்கும். கேட்டுக்கொண்டு நிண்டா. வைச்சிட்டு வந்து இருந்து, "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ" எண்டா. முகத்தில ஒண்டும் இல்லை. அழவுமில்லை.

ரெண்டு வயரும் என்ர பையுக்குள்ள, உங்கட கட்டிலுக்குக் கீழ கிடந்தது. அண்டு பின்னேரமே எடுத்துப் பாத்தன்.

திங்கட்கிழமை வெளிக்கிடுறதுக்கு முதல் அஜக்ஸுக்கும் மிசிசாகாவுக்கும் காரைக் கொண்டுபோனதே, கொம்பனி வேலை எண்டு சொன்னது பொய். ஒவ்வொண்டாப் போய் அந்தப் பேரை அழிச்சனான். கடைசி ஒஃபிசில ஒரு பட்டனை அமத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. செக்குரிற்றிக்காரன் வந்து சுகமில்லையோ எண்டு கேட்டான்.

இஞ்சை மெசினைத் திரும்பப் பூட்டேல்லை. போன் இல்லாத வீடுகளுக்கு பஸ் ஓடுற ஆள் சொல்லிவிடுவார் எண்டு பள்ளிக்கூடம் முடிவெடுத்திட்டுது. மிசிஸ் யாஸி பெட்டியில டேப் ஒட்டினா. "இனி உம்மை என்னெண்டு கூப்பிடுறது" எண்டு கேட்டா.

ஒண்டே ஒண்டு கேட்கிறன். அண்டைக்கு அம்மாவுக்குப் போனில என்ன கேட்டது? நான் கேட்டனான். "சாப்பிட்டிட்டுப் போ" எண்டு மட்டும் சொன்னவ.

வாகீசன்

*

ஸ்காபரோ
17.03.1999

தம்பி வாகீசன்,

அம்மா சுகம். போன் அதுக்குப் பிறகு அடிக்கேல்லை. அடிச்சாலும் யோகராணி அன்ரி, இல்லாட்டில் கார்ப்பெற் கழுவித்தாறம் எண்டு எடுக்கிறவங்கள். அம்மா இப்ப மத்தியானத்தில படுத்து நித்திரை கொள்ளுறா. எட்டு வருசத்தில நான் காணாத ஒண்டு. பனியும் கரைஞ்சுபோச்சு.

தயான்ர படத்தை அரிசி வாளிக்குள்ள இருந்து அவவே எடுத்தா. மாவைத் துடைச்சுச் சுவரில மாட்டி மாலை போட்டா. ஆணி கொஞ்சம் சரிஞ்சு நிக்குது, நீ வந்து அடி.

நீ கேட்டதை நானும் கேட்கப் பயந்துகொண்டுதான் இருந்தன். உன்ர கடிதம் வந்த பிறகு, நேற்று, ரெண்டு பேரும் வெங்காயம் உரிச்சுக்கொண்டிருக்கேக்க கேட்டன். மறைக்கேல்லை. கத்தியையும் நிப்பாட்டேல்லை.

"நான் ஆர் எண்டு கேட்க முதல் அவங்களே சொன்னாங்கள்" எண்டா. "தயாபரன் இண்டைக்கு வந்திட்டான் எண்டாங்கள். இங்கிலிசுதான், ஆனால் எனக்கு விளங்கினது. மற்றப் பிள்ளையளின்ர சத்தமும் கேட்டது, கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு. பிள்ளை போய்ச் சேர்ந்திட்டான். பிறகு நான் என்னத்துக்குப் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்க? அதுதான் வைச்சிட்டு வந்து ஐயரைச் சொல்லச் சொன்னனான்."

எனக்கு உந்த மெசின் ஒண்டும் தெரியாது. அதுக்கு ஒரு வசனம்தான் தெரியும், வந்த பிள்ளையளைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை எண்டு நீ முதல் கடிதத்தில எழுதினாய். கடிதம் என்னட்டை இருக்கு, இப்பவும் எடுத்துப் பாத்தன். நீ அவசரக்காரன். ஒண்டை விட்டிருப்பாய். மிசிஸ் யாஸியிட்டைக் கேட்டு, டேப்பைக் கழட்டி, திரும்ப ஒருக்கா வடிவாப் பார். அப்பிடி இன்னொரு வசனம் அதுக்குள்ள இருந்தால் உடனே எழுது.

இல்லையெண்டால் எழுதாதை.

வதனா அக்கா